தகுதியற்றவர் என்னும் சொல்

தில்லி லோதி ரோட்டின் நிறுவனப் பகுதியில் இந்திய சமூக நிறுவனம் இயங்கிவருகிறது. 1951இல் புனேயில் இதைத் தொடங்கியவர் இயேசு சபைத் துறவி ஜெரோம் டி சூசா. சென்னை இலயோலாக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றவர். 1963இல் நிறுவனம் தில்லிக்கு வந்தது. தலித் மக்களின் உரிமைகளை ஆராய்வதும் அதன் பணிகளுள் ஒன்று. துறவியர் சபையொன்று அப்பணியை மேற்கொள்ளும்போது, இறையியலின் ‘அருள்’ என்னும் சொல்லும் சட்டத்தின் ‘தகுதி’ என்னும் சொல்லும் எதிரெதிரே வந்து நிற்கின்றன.

கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை பெறுமுன், ஆயர் முதல் கடைசி வரிசையில் நிற்பவர் வரை அனைவரும் தாம் தகுதியற்றவர் என்று அறிக்கையிடுகின்றனர். அருள் ஈட்டப்படுவதன்று, கொடையாகப் பெறப்படுவது என்பதே அதன் பொருள். நற்செய்தியில் இச்சொற்களை முதலில் சொன்னவர் ஏழையல்லர். உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர். அவர் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர், ஆகவே தகுதியுடையவர் என்று யூத மூப்பர்கள் இயேசுவிடம் பரிந்துரைத்ததாக லூக்கா எழுதுகிறார். அந்தச் சான்றை ஒதுக்கிவைத்துத் தம்மைத் தகுதியற்றவர் என்கிறார் படைத்தலைவர். அதிகாரமுள்ளவர் தம் உயர்வைத் துறக்கும் சொல்லாகவே அது பிறந்தது.

தமிழ் மண்ணில் அச்சொல் இருவகையாகக் கேட்கிறது. பிறப்பினாலேயே தகுதியற்றவர் என ஊர் நாள்தோறும் இழிவுபடுத்திய ஒருவருக்கு, ஊரின் தீர்ப்பை நீக்குவதே அருள். பிறப்பினால் தம்மைத் தகுதியுடையவராகக் கருதுபவருக்கோ, அந்த எண்ணத்தைக் களைவதே அருள். முன்னவர் மனமார அறிக்கையிட, பின்னவர் தம் இடத்தை விட்டு அசையாதிருந்தால், ஒருவர் பெற்ற அருளுக்குச் சபைக்குள் இருக்கை கிடைப்பதில்லை.

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இதற்குக் கல்லாலான சான்று. இரு கூடங்கள் காற்சட்டையின் கால்கள்போலப் பிரிந்து பீடத்தில் கூடின. உயர்சாதியினராகத் தம்மைக் கருதியோர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் நின்றனர். இரு கூடத்தாரும் ஒரே அப்பத்தைப் பெற்றனர். நடுவே சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது.

பிரிவினை ஆலயத்தோடு முடியவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை, ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்துத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. அதில் சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். 1985இல் உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னரும் அதே கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வேண்டும் என்றது.

அந்தச் சான்று திருச்சபையின் உள்ளேதான் இருக்கிறது. தலித் கிறித்தவருக்குச் சட்டத்தின் கதவு திறக்க வேண்டுமெனில், தன் வீட்டிலேயே தீண்டாமை உண்டு என்று திருச்சபை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கிறிஸ்துவில் சாதியில்லை என்று போதிக்கும் சபைக்கு இது கடினமான சாட்சியம். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. படைத்தலைவரின் சொல்லுக்கு அருகே வரும் ஒப்புதல் அது: பதவியில் இருப்போர் தம் தகுதியின்மையைத் தாமே சொல்வது.

ஆனால் படைத்தலைவர் தம்மைத் தாழ்த்தியது தமக்காக அன்று. நோயுற்றுக் கிடந்த தம் பணியாளருக்காக. திருச்சபையின் ஒப்புதலுக்கும் அதுவே அளவுகோல். கல்லறைத் தோட்டத்தில் பொது இடமும், திருவிழாத் தேர் எல்லாத் தெருவிலும் வருவதும், பங்குப் பேரவையில் சம குரலும் வாய்க்கும்போதுதான், தகுதி பாராமல் தரப்பட்ட அருள் உரியவரின் கைக்கு வந்துசேரும்.