பழி யார்மீது?

இயந்திரம் ஒன்று பழுதுற்றால், அதனைக் கடைசியாகத் தொட்டவன்மீதே பழி விழும். தொட்டவன் ஏழையின் பிள்ளையாயின், அப்பழி இன்னும் விரைவாக விழும்.

2006ஆம் ஆண்டளவில் நாவுலவை அண்டிய ஒரு பாடசாலையில் நான் கற்பித்து வந்தேன். அங்கிருந்தது ஒரேயொரு கணினி. அன்பர் ஒருவர் மனமுவந்து அளித்த பழைய பென்டியம். அதற்குக் கூடுதலாக ஒரு நினைவகத் தகட்டினை வாங்கிப் பொருத்திய சில நாள்களில், அது நீலத்திரையைக் காட்டி நின்றுவிடத் தொடங்கிற்று. அவ்வேளை அதன்முன் அமர்ந்திருந்தவன் பத்தாம் வகுப்பு மாணவன். மிளகு பறிக்கும் கூலியாளின் மகன். "எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டான், தகப்பன் பணம் கட்டட்டும்" என்றனர் சிலர். பையன் இரண்டு நாள் பாடசாலைப் பக்கமே வரவில்லை.

கணினியின் உள்ளமைப்பை நம் சமையலறையோடு ஒப்பிடலாம். நினைவகம் களஞ்சிய அறை; பதுக்கு நினைவகமோ அடுப்பருகே இருக்கும் அஞ்சறைப்பெட்டி. அடிக்கடி வேண்டுவனவற்றைப் பெட்டியிலிருந்து விரைவாக எடுத்துக்கொள்ளலாம். ஆயின் பெட்டியில் உள்ளதும் அறையில் உள்ளதும் ஒவ்வாதுபோனால், கறி கெடும். அக்காலக் கணினிகளுக்கு வேறொரு குறையும் இருந்தது. 1997இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 430டீஎக்ஸ் சில்லுத்தொகுதி, 256 மெகாபைற்று வரை நினைவகத்தை ஏற்கும். எனினும் முதல் 64 மெகாபைற்றுக்கு மாத்திரமே பதுக்கு நினைவகத்தின் துணை கிட்டும். நினைவகத்தைக் கூட்டியும் வேகம் குறைந்த விந்தை இதனால் நேர்ந்தது.

குற்றவாளி யார் என்பதைச் சோதித்தே அறிதல் வேண்டும் எனத் துணிந்தேன். மின்னிணைப்பை நீக்கினேன், தூசி துடைத்தேன், தகடுகளின் தொடுமுனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்தேன். கோளாறு நீங்கவில்லை. பின்னர் பயோஸ் அமைப்பில் பதுக்கு நினைவகத்தை நிறுத்திப் பார்த்தேன். கணினி ஆமைபோல் ஊர்ந்தது. ஆயினும் இடையில் நின்றது. ஆகவே பதுக்கு நினைவகத்தின்மீதிருந்த ஐயம் பெரிதும் அகன்றது. அடுத்து, கிறிஸ் பிரேடி என்பார் ஆக்கிய மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலை நெகிழ்வட்டிலிருந்து இயக்கினேன். பழைய தகடு தனித்து இரவு முழுவதும் பிழையின்றி ஓடிற்று. புதியதும் மறுநாளிரவு அவ்வாறே ஓடிற்று. இரண்டையும் சேர்த்தபோதோ பிழைகள் வரிவரியாகத் தோன்றின! தனித்தனியே நல்லவை, வேகத்தில் ஒவ்வாதவை, கூடியபோது முரண்பட்டன. அவ்வளவே.

நாவுலவுக்கு அணித்தேயுள்ள நாலந்தா கெடிகேயைப் பலரும் கண்டிருப்பீர்கள். போவத்தென்ன நீர்த்தேக்கத்து நீரில் மூழ்காதிருக்கும்பொருட்டு, அப்பழைய கற்றளியைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டுநிலத்தில் மீண்டும் எழுப்பினர். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக வைக்கும் அந்தப் பொறுமையே பழுது நாடுவோர்க்கும் வேண்டியது. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், எதனாற் குணமாயிற்றென அறியவொண்ணாது.

சோதனையின் முடிவைத் தாளில் எழுதி அலுவலக அறையில் வைத்தேன். பணங்கட்டும் பேச்சு அத்துடன் நின்றது. மாணவனின் வீட்டுக்குச் சென்று, "தம்பி, பிழை தகட்டில், உன்னில் அன்று" என்றேன். மறுநாள் அவன் வந்தான். புதிய தகட்டைக் கழற்றும் வேலையை அவனிடமே கொடுத்தேன்.

பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளையின் கையில் ஒரு பொருள் பழுதுற்றால், முதலிற் பொருளைச் சோதியுங்கள். இயந்திரத்தை மாற்றிவிடலாம், தொடவே அஞ்சும் பிள்ளையின் மனத்தை மாற்றுவது எளிதன்று.