சிப்பி வயலிற் கல்வி

பிரான்சு தேசத்தின் மேலைக் கரையில், ஒலெரோன் தீவுக்கு எதிரே உள்ளது மரேன் என்னுஞ் சிற்றூர். ஒருகாலத்தில் உப்பு விளைத்த இந்நிலம் இன்று சிப்பி விளைக்கின்றது. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பியன்று; இது உண்ணுஞ் சிப்பி.

பழைய உப்பளங்கள் ‘கிளேர்’ எனப்படும் ஆழமற்ற களிமண் குளங்களாயின. கடலில் வளர்ந்த சிப்பியை இறுதியில் இக்குளங்களிற் கிடத்துவர். அந்நீரில் ஒரு நுண்பாசி நீலச்சாயஞ் சுரக்க, சிப்பியின் செவுள் பச்சை நிறம் பெறும். அப்பச்சைக்கே இவ்வூர் பெயர் பெற்றது.

அண்டையிலுள்ள பூர்ஸ்பிராங் ஊரிற் கடற்றொழில் கற்பிக்கும் பள்ளியொன்றுண்டு. அதன் மாணவர் பண்ணையாளரிடஞ் சென்றும் தொழில் பயில்வர். 1987 இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம், இன்று ஐரோப்பியத் தொழிற்கல்வி மாணவர் அயல்நாடு சென்று பயிலவும் வழி செய்கின்றது.

சிப்பிப் பண்ணையில் நேரசூசி வகுப்பவன் சந்திரனே. பூரணை, அமாவாசையை அடுத்துக் கடல் மிக வற்றும் வேளையிற் சேற்றில் இறங்கி, இரும்புத் தாங்கிகளின் மேலுள்ள வலைப்பைகளைப் புரட்டி உலுக்குதல் வேண்டும். தவறினாற் சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலையும். பெருக்கு ஏறுமுன் கரை சேரவும் வேண்டும். சிப்பி சந்தைக்கு வர ஏறத்தாழ மூன்றாண்டு செல்லும். சில வாரம் பயில வந்த மாணவன் தன் உழைப்பின் பயனைக் காண்பதில்லை.

இக்கரையின் வரலாறும் அவனுக்கு ஒரு பாடமே. 1868 இல் ஒரு கப்பல், பழுதாயிற்றென்றெண்ணிப் போர்த்துக்கேயச் சிப்பிகளை ஜிரோண்ட் கழிமுகத்தில் எறிந்தது. உயிரோடிருந்தவை பெருகி இக்கரையின் செல்வமாயின. 1970 அளவில் நோயொன்று அவ்வினத்தை அழித்தது. யப்பானிலும் கனடாவிலுமிருந்து கொணர்ந்த பசிபிக் சிப்பியே தொழிலை மீட்டது. 2008 இல் ஒரு வைரசு அதன் குஞ்சுகளையும் பெருவாரியாகக் கொன்றது. 2011 இல் யப்பானியப் பண்ணைகளைச் சுனாமி வாரிச் சென்றபோது, பிரெஞ்சுப் பண்ணையாளர் கருவிகள் அனுப்பிப் பழைய நன்றியைச் செலுத்தினர்.

படிக்கச் சென்ற பிள்ளை அயல்நாட்டுச் சேற்றில் நிற்பதா எனப் பெற்றோர் மனங் குறுகலாம். ஆயின் ஒவ்வொரு பையையும் அவிழ்த்து, இறந்தவற்றை எண்ணிக் குறித்துவைக்கக் கற்பவன் அவனே. அடுத்த நோய் வருங்கால் அதனை முன்னறிந்து கூற அத்தகையோரே வேண்டும்.