சதுரங்கம் ஆடிய சுவாமியைப் பார்க்கப் போனோம்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் பூவனூர் என்று ஒரு சிறிய ஊர். பஸ்ஸில் டிக்கெட் வாங்கி, சில்லறையை எண்ணி முந்தானையில் முடிவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. சுற்றிலும் வயல். அங்கே கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். அப்பர் பாடிய தலம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அதன் தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கோயிலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் தஞ்சாவூரில் இருக்கும் எனக்கே தெரிய வந்தது!

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒன்பதாவது படிக்கும் என் மகளை அழைத்துக் கொண்டு கிளம்பினேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக அவள் செஸ் பலகையைத் தொடவில்லை. பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "இனிமே ஆட மாட்டேம்மா" என்று ஒரே வார்த்தை.

காரணம், ஒரு போட்டியில் தோற்றது. ஸ்பானிஷ் தொடக்கம் என்று ஒன்று உண்டு. ரூய் லோபெஸ் என்ற பாதிரியார் 1561-ல் எழுதிய புத்தகத்தால் அவர் பெயரே அதற்கு வந்தது. அதில் ஒரு கிளை: நாலாவது நகர்த்தலிலேயே நம் மந்திரியைக் கொடுத்து எதிரியின் குதிரையை வெட்டிவிடுவது. இவள் பன்னிரண்டு நகர்த்தல் வரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். அன்றும் அப்படியே ஆடினாள். ராணிகள் போயின, யானைகள் போயின. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியபோது என்ன செய்வதென்று தெரியாமல் விழித்திருக்கிறாள். அவளோடு தினம் உட்கார்ந்து ஆடிய எதிர்வீட்டுப் பெண்ணும் படிப்புக்காகத் திருச்சி போய்விட்டாள். துணையில்லாமல் குழந்தை யாரோடு ஆடிப் பழகும்?

கோயிலில் கூட்டம் இல்லை. கற்பகவல்லி, ராஜராஜேஸ்வரி என்று அம்மனுக்கு இரண்டு சன்னதிகள். சாமுண்டீஸ்வரிக்குத் தனிச் சன்னதி. விஷக்கடிக்கு வேர் கட்டிக் கொள்ள ஜனங்கள் வருகிறார்கள். (கட்டிக் கொள்ளட்டும். ஆனால் பாம்புக்கடி என்றால் முதலில் ஆஸ்பத்திரிதான், சகோதரிகளே!) ஸ்தல புராணத்தை அவளுக்குச் சொன்னேன். அம்பிகை ராஜகுமாரியாக வளர்கிறாள். சதுரங்கத்தில் அவளை ஜெயிப்பவனுக்கே கல்யாணம் செய்து கொடுப்பதாக ராஜா சொல்லிவிட, ஜெயிக்க ஆளே இல்லை. பெண்ணோடு தலந்தலமாகப் போய் இங்கே வந்தபோது சிவபெருமான் கிழச் சித்தர் வேஷத்தில் எதிரே உட்கார்ந்து ஆடி ஜெயித்து, மணந்து கொண்டார்.

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு யாரோட ஆடிப் பழகிச்சு?" என்றாள் இவள். புராணத்தில் பதில் இல்லை. வளர்த்த தாதி சாமுண்டிதான் என்பதால், "தாதியோடத்தான் இருக்கும்" என்று நானாகச் சொல்லிவைத்தேன். சிரித்துவிட்டாள்.

கோயில் வாசல் நிழலில் கட்டுச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தேன். எனக்குக் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். "அந்த ஆட்டம் எங்கே போய் முடியும்னு எனக்குக் காட்டேன்" என்றேன்.

முகத்தைச் சுளித்துக் கொண்டே, ராஜா, சிப்பாய்கள் தவிர எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். இரண்டு பேருக்கும் ஏழேழு சிப்பாய். ஆனால் வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் நாலு, கறுப்புக்கு அங்கே மூன்று. மறுபக்கம் கறுப்புக்கு நாலு இருந்தும் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கட்ட வரிசையில் மாட்டிக் கொண்டிருக்கின்றன. குறுகிய ரேழியில் குடத்தோடு இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்றால் பின்னவள் எப்படிப் போவாள்? அதே கதிதான். வெள்ளை ஒழுங்காக ஆடினால் நாலில் ஒன்று தடையில்லாமல் ஓடி ராணியாகிவிடும். மந்திரியைக் கொடுத்ததே இதற்காக! பதிலுக்கு எதிரிக்கு இரண்டு மந்திரிகளின் பலம் கிடைக்கிறது. அதனால் அவற்றை வெட்டி ஒழிக்கும் வரை கவனம் வேண்டும். 1914-ல் லாஸ்கர் காபாபிளாங்காவை ஜெயித்ததும் இந்தத் தொடக்கத்தில்தான், 1966-ல் ஹவானாவில் ஃபிஷர் ஆடியதும் இதைத்தான்.

நான் வெள்ளை. முதல் இரண்டு ஆட்டமும் தோற்றேன்.

"ராஜாவை ஏன் மூலையிலயே வச்சிருக்கே? ராணிதான் இல்லையே, இனி என்ன பயம்? நடுவுக்குக் கொண்டு வா. எதிர்ல ஆள் இல்லாத சிப்பாயை முதல்ல தள்ளு, மத்தது துணைக்கு வரட்டும்" என்று எனக்குச் சொல்லிக் கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"அன்னிக்கு நான் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிட்டேம்மா" என்றாள் மெல்ல.

2024 டிசம்பரில் நம்ம குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன கடைசி ஆட்டமும், யானையும் மந்திரியும் வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாயுமாக மிஞ்சித்தான் முடிந்தது. அதை அவளே ஞாபகப்படுத்தினாள். ஆனந்துக்கு அவர் அம்மாதான் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார் என்று நான் சொன்னேன். "அவங்களுக்கு ஆடத் தெரியும்மா" என்று பதில் வந்தது. போகட்டும்.

மூன்றாவது ஆட்டத்தில் என் சிப்பாய் ஒன்று எதிரில் தடுக்க ஆளில்லாமல் நின்றது. அவள் கன்னத்தில் கை வைத்து யோசிக்க ஆரம்பித்தாள். அதற்குள் நீடாமங்கலம் பஸ் ஹாரன் கேட்டது. "இரு, இரு" என்று டிக்கெட்டின் பின்புறத்தில் காய்கள் நின்ற கட்டங்களை எழுதிக் கொண்டுதான் எழுந்தாள். "ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம். உன் நகர்த்தல்தான்" என்றாள் படியில் ஏறும்போது.