இரண்டாவது வரி

ஈரோட்டில் ஒரு மாடி அறையில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்ஸுகள். பகல் ஷிப்டு முடிந்த கையோடு, பசியும் களைப்புமாக வந்து உட்காருவார்கள். இங்கிலாந்தில் வேலைக்குப் போக ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அதில் பேச்சுப் பகுதி என்பது இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ பேசுவார். நம் பெண் நர்ஸாகவே பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால், சூழ்நிலையைச் சொல்லும் சீட்டைப் படித்து யோசிக்க 3 நிமிடம் தருவார்கள்.

ஆரம்ப காலத்தில் உரையாடல்களை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பயிற்சியில் நான் நோயாளி. "ஹவ் டிட் யூ ஸ்லீப்?" என்று ஒரு பெண் அழகாகக் கேட்டாள். தாளில் இருந்த பதிலை விட்டுவிட்டு, "நாட் எ விங்க்" என்றேன். பொட்டுத் தூக்கம்கூட இல்லை என்று அர்த்தம். அவள் சிரித்த முகத்தோடு, "தட்ஸ் குட், லெட் மீ செக் யுவர் பிபி" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. நிஜமான வார்டில் ஒரு வயதானவர் அப்படிச் சொல்லி, இவள் அப்படிப் பதில் சொல்லியிருந்தால்? கேள்விகளை எல்லாம் சொல்லிக்கொடுத்த நான், பதிலைக் காதில் வாங்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆளுக்கொரு தபால் கார்டு. உரையாடலின் முதல் வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இரண்டாவது வரியைக் கார்டால் மூடிக்கொண்டு, என்ன பதில் வரும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கார்டை இறக்கலாம். நாம் நினைத்த பதிலுக்கும் தாளில் இருக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அன்றைய பாடம் அந்த இடைவெளிதான்.

"எனி பெயின் திஸ் மார்னிங்?" என்பது முதல் வரி. "யெஸ், சிவியர் பெயின்" என்று ஏழெட்டுக் குரல்கள் வரும். கார்டை இறக்கினால், "எ பிட் சோர், பட் ஐ டோன்ட் வான்ட் டு பி எ நியூசன்ஸ்" என்று இருக்கும். கொஞ்சம் வலிதான், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்கிறார். வலி கம்மி என்று குறித்துக்கொண்டு நகரத் தோன்றும். அப்போது கேட்பேன்: "நம்ம ஊர்ப் பெரியவர் 'பரவாயில்லீங்க'ன்னு சொன்னா உடனே போயிடுவீங்களா?" "போக மாட்டோம் மேம், முகத்தைப் பார்ப்போம்." அந்த 'எ பிட்'டும் பல நேரம் இந்தப் 'பரவாயில்லீங்க'தான். 0 முதல் 10 வரை எவ்வளவு வலி என்று அடுத்து ஏன் கேட்க வேண்டும் என்பது அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மரியாதையைப் பற்றியும் இப்படி ஒன்று உண்டு. "கையை நீட்டுங்க பாட்டி" என்பதில் கனிவை எல்லாம் அந்த 'ங்க'வும் 'பாட்டி'யும் சுமக்கின்றன. அதை அப்படியே "கிவ் யுவர் ஹேண்ட்" என்றால் அதட்டலாகிவிடும். இங்கிலாந்தில் நர்ஸுகள், "குட் யூ பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?" என்பார்கள். அந்தக் கடைசி 'ஃபார் மீ' எதற்கு, யாருக்காகக் கையை நீட்டுவது என்று ஒரு பெண் கேட்டாள். அதுதான் நம் 'ங்க' என்றேன். அகராதி அப்படிச் சொல்லாது. ஆனால் அவளுக்கு அதன்பின் அது மறக்கவே இல்லை.

உரையாடல்களை வைத்து மொழி சொல்லிக்கொடுக்கும் இந்த வேலை புதிதில்லை. 1586இல், லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்காக ஜாக் பெல்லோ என்பவர் ஓர் உரையாடல் புத்தகம் போட்டார். அவரும் அகதிதான். கறிக்கடை, மீன்கடை, துணிக்கடை, சாப்பாட்டு மேஜை என்று அன்றாடப் பேச்சு. ஆங்கிலம் ஒரு பக்கம், பிரெஞ்சு ஒரு பக்கம். கூடவே ஆங்கிலத்தை எப்படி உச்சரிப்பது என்று பிரெஞ்சு வாசகருக்குப் புரியும் எழுத்துக்கூட்டலில் இன்னொரு பத்தி. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் '30 நாட்களில் ஆங்கிலம்' புத்தகங்களில் தமிழ் எழுத்தில் உச்சரிப்புப் போடுகிறார்களே, அதே ஏற்பாடுதான். வாங்குகிறவர் பேசுவதோடு கடைக்காரர் திருப்பிப் பேசுவதையும் பெல்லோ எழுதி வைத்தார். ஊர்விட்டு வந்தவருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை நான் தடுப்பதில்லை. ஒன்றை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்: 'பேக்'. முதுகா, பையா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் சுடுவதா? நான்குக்கும் நமக்கு ஒரே எழுத்துதான். காதால் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

அதிக நாள் எடுப்பது 'இல்லை' என்கிற பதில். "மாத்திரை போடலையா?" என்றால் "ஆமா, போடலை" என்போம். ஆங்கிலத்தில் "நோ, ஐ ஹேவன்ட்" என்றுதான் வரும். "ஹேவன்ட் யூ டேக்கன் யுவர் டேப்லெட்?" என்பதற்கு நம் வழக்கப்படி "யெஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மாத்திரை போட்டாகிவிட்டது என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். மருந்து விஷயம். இதை மட்டும் சலிக்கச் சலிக்கப் படிக்க வைப்பேன்.

கதை கேட்கும்போது உம் கொட்டி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு ஓர் 'அப்படியா' போதும், எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனால்தான் "ஐ ஃபெல் இன் த கிச்சன்" என்று நோயாளி சொன்னால் நம் பிள்ளைகள் "இஸ் இட்?" என்கிறார்கள். ஆங்கிலத்தில் உம் கொட்டுவதும் சொன்ன வினையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்: "ஓ நோ, டிட் யூ?" சொன்னதைக் கேட்டிருந்தால்தான் அது வாயில் வரும். கேட்காத காதால் கொட்ட முடியாத உம் அது.

போன வருஷம் இங்கிலாந்தில் டெர்பிக்குப் போன ஒரு பெண் ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "மேம், ஒரு பாட்டி என்னை 'மீ டக்'னு கூப்பிடறாங்க. வாத்துன்னா சொல்றாங்க? கோபமா இருக்காங்களா?" அந்தப் பக்கத்தில் அது செல்லமான விளி. "அது நம்மூரு 'கண்ணு' சாமி" என்று பதில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, பாட்டி என்ன சொன்னார், இவள் என்ன சொன்னாள் என்று முழுப் பேச்சையும் வரி வரியாக எழுதி அனுப்பினாள்.

அதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் முதல் வரியைப் படிப்போம். இரண்டாவது வரியின் மேல் கார்டு இருக்கும்.