பின்னோக்கி ஓடிய கடிகாரம்

தில்லியில் ஒரு அதிகாரி எவ்வளவு பெரியவர் என்பதை அவர் மேசையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நாடா கட்டிய கோப்புகளின் குவியல், மாறி மாறி அலறும் தொலைபேசிகள், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பத்துப் பேர், இரவு எட்டு மணிக்கும் அணையாத விளக்கு. இத்தனையும் இருந்தால் ஆசாமி முக்கியமானவர். இப்போது தொலைபேசியின் இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. அளவுகோல் மாறவில்லை.

1997-ல் தில்லி மெட்ரோ ரயில் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக வந்த இ.ஸ்ரீதரன் இந்தப் பரீட்சையில் தேறியிருக்க மாட்டார். அவர் மேசையில் காகிதம் தங்காது. வேலை நேரம் முடிந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்; கோப்புகள் கூடப் போகாது. அப்போது வயது 65. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, மலைகளைக் குடைந்து கொங்கன் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த மனிதர். ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

பாலக்காடு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருவார். டி.என்.சேஷனும் ஸ்ரீதரனும் அங்கே ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் குரலை உயர்த்தியே அரசியல்வாதிகளை நடுங்க வைத்தார். மற்றவர் பேசுவது அடுத்த நாற்காலிக்குக்கூடச் சரியாகக் கேட்காது. பிடிவாதம் மட்டும் இருவருக்கும் ஒரே அளவு.

ஸ்ரீதரனின் அலுவலகங்களிலும் வேலைத் தலங்களிலும் ஒரு விநோதமான கடிகாரம் இருந்தது. கொங்கனில் தொடங்கிய பழக்கம். மணி காட்டாது, வேலையை முடிக்க இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும். தினம் ஓர் எண் குறையும். பின்னாளில் இது பிரபலமாகி, பல நிறுவனங்கள் ஆசையாக இந்தக் கடிகாரத்தை மட்டும் வாங்கி மாட்டின. கூடவே வர வேண்டிய மற்றவை வரவில்லை. டெண்டரை முடிவு செய்யவும், ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும், அமைச்சகத்துக்கு ஓடாமலே கையெழுத்திடவும் ஸ்ரீதரனுக்கு உரிமை இருந்தது. செலவில் பெரும்பங்கு ஜப்பானியக் கடனாக வந்தது. முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவன் எதிரில் இப்படி ஒரு கடிகாரத்தை மாட்டுவது கொடுமை.

இந்த உரிமைகளின் அருமை தெரிய கல்கத்தாவைப் பார்த்தால் போதும். அங்கே 1972-ல் அடிக்கல் நாட்டினார்கள். முதல் மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ரயில் ஓட 1984 ஆனது. சுமார் 16 கி.மீ. முழுப்பாதை முடிய 1995. தில்லியில் 1998 அக்டோபரில் வேலை தொடங்கி, 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரையிலான பாதையை வாஜ்பாய் திறந்து வைத்தார். மறுநாள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நிலையங்கள் திணறின. நெருக்கடியான பழைய தில்லிக்கு அடியிலும் சுரங்கம் தோண்டி, 65 கி.மீ. கொண்ட முதல் கட்டம் குறித்த கெடுவுக்கு முன்பே முடிந்தது.

ஆனால் அவரது கவனம் எத்தகையது என்பதை ஒரு தோல்விதான் நன்றாகக் காட்டுகிறது. உலகின் பெரும்பாலான மெட்ரோக்களைப் போல ஸ்டாண்டர்ட் கேஜ் தண்டவாளம் வேண்டும் என்றார். ரயில்வே அமைச்சகமோ அகலப்பாதைதான் என்றது. விவகாரம் அமைச்சர்கள் குழுவுக்குப் போய், 2000-ல் அகலப்பாதை வென்றது. வாதத்தில் தோற்றவர்கள் தில்லியில் வழக்கமாகக் கோப்பை முடக்குவார்கள், இல்லையேல் பத்திரிகையாளர்களை ரகசியமாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஸ்ரீதரன் அகலப்பாதையைப் போட்டார், குறித்த தேதிக்குள். இரண்டாம் கட்டத்தின் சில தடங்களில் ஸ்டாண்டர்ட் கேஜ் அனுமதிக்கப்பட்டு, 2010-ல் அதிலும் ரயில் ஓடியது.

இந்தக் குணம் தில்லியில் வந்ததல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் பாலத்தையும் குலைத்துப்போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு கர்டர்கள் கடலில் விழுந்தன. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக வெட்டினார். பொறுப்பு, 32 வயது ஸ்ரீதரனிடம். புது கர்டர் தேடி நாடெங்கும் ஆள் அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பழையவை கடலடியில் கிடப்பதாக மீனவர்கள் மூலம் தகவல் வந்தது. அவற்றையே தூக்கி எடுத்துப் பொருத்தினார்கள். 46 நாளில் பாலத்தில் ரயில் ஓடியது. பொறியியல் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். கெடு கழுத்தை நெரிக்கும்போது ஒரு மீனவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள எத்தனை அதிகாரிகளுக்கு நிதானம் இருக்கும்?

அந்தக் காதுக்குக் கடும் சோதனை 2009 ஜூலை 12 அதிகாலை வந்தது. தெற்கு தில்லி ஜம்ருத்பூரில் கட்டுமானத்திலிருந்த மெட்ரோ பாலம் சரிந்து ஆறு பேர் இறந்தனர். முன்பே கோளாறு கண்டு சரிசெய்யப்பட்ட தூண் அது. அடுத்த ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. அதற்குள் அந்தத் தடத்தில் ரயில் ஓடியாக வேண்டும். நாள் குறையும் கடிகாரம், ஒரு தூணைத் திரும்பப் பார்க்க வேண்டிய அவகாசத்தையும் தின்றுவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். விசாரணை, வடிவமைப்பிலும் கான்கிரீட்டிலும் குறை கண்டது.

ஸ்ரீதரன் அன்றே நிருபர்களைக் கூட்டி, தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்வதாக அறிவித்தார். ஒப்பந்தக்காரரின் பின்னால் ஒளியவில்லை. முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்க மறுத்தார். மறுநாள் இடிபாட்டை அகற்றும்போது கிரேன்களும் சாய்ந்து மேலும் சிலர் காயமடைந்தனர். அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்று வேலைக்குத் திரும்பினார்.

2010 அக்டோபர் 3 அன்று போட்டிகள் தொடங்கின. அன்றுதான் அந்தத் தடத்திலும் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 31-ல் ஸ்ரீதரன் பதவியிலிருந்து விலகியபோது வயது 79.