தோள்வலியின் பயன்

உடல் வலிமை ஒரு செல்வம். பொருட்செல்வத்தைப் போலவே அதனையும் ஈட்டலாம், காக்கலாம், வீணாக்கவும் செய்யலாம். பொருளை எவ்வாறு செலவிடுவது என்று அறவுரை கூறுவோர் பலர். உடல் வலிமையை எவ்வாறு செலவிடுவது என்று கூறுவோர் மிகச் சிலர். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாய் இருந்த யானும் அதனை என் மாணவர்க்குக் கூறியதில்லை. எனக்கே அது விளங்கியிருக்கவில்லை என்பதே உண்மை. ஓய்வு பெற்ற பின்னர், நெடுந்தொலைவில் உள்ள ருமேனியா நாட்டில், என் மாணவரினும் இளையோர் சிலர் அதனை எனக்கு விளக்கினர்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் யான் அந்நாட்டின் தலைநகராகிய புக்கரெஸ்டில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை என் மருமகன், "மாமா, எங்கள் அலுவலகத்தார் நாளை ஒரு சிற்றூருக்கு வீடு கட்டும் தொண்டிற்காகச் செல்கிறோம். தாங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டார். வீட்டிற்குள்ளேயே அடைந்திருந்த எனக்கு அது மகிழ்ச்சியை அளித்தது. மறுநாள் காலையிற் புறப்பட்டோம். சாலையின் இருமருங்கும் சூரியகாந்தியும் மக்காச்சோளமும் செழித்து நின்றன. வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பிளோயெஷ்தி என்னும் நகரம் வரும். அதனை அடுத்த ஒரு சிற்றூரே நாங்கள் சென்ற இடம்.

ருமேனியாவில் சொந்த வீட்டில் வாழ்வோர் மிகப் பலர். ஆயினும் ஒரு கூரையின்கீழ்ப் பலர் நெருங்கி வாழும் துன்பமும் அங்கு மிகுதி. நாங்கள் கண்ட குடும்பமும் அத்தகையதே. தாய், தந்தை, மக்கள் மூவர் ஆகிய ஐவரும் ஓரறையில் வாழ்ந்தனர். அவ்வறையின் சுவர் ஈரம் ஊறியது, கூரை பழுதுற்றது. நீர் உறையும் குளிர்காலம் வருமுன் அவர்களுக்கு வீடு அமைய வேண்டும். தொண்டு நிறுவனம் ஒன்று அதற்கு ஏற்பாடு செய்திருந்தது. வீடு பெறுவோரும் உடனிருந்து உழைக்க வேண்டும். பொருட்செலவைச் சிறிது சிறிதாக, வட்டியின்றித் திருப்பித் தரவேண்டும். ஆகவே அது பிச்சையன்று; கைம்மாற்று.

அங்கே எங்களுக்கு முன்னரே பன்னிருவர் வந்திருந்தனர். அனைவரும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றன் மாணவர். துடுப்பு வலிப்போர், கூடைப்பந்து ஆடுவோர், நெடுந்தொலைவு ஓடுவோர் எனப் பல துறையினர். ஆடவர் எழுவர், மகளிர் ஐவர். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் உழைப்பதற்கென்றே தம் செலவில் கடல் கடந்து வந்திருந்தனர். அவர்தம் தோளையும் தாளையும் கண்டபோது, இவர்கள் மலையையும் பெயர்ப்பர் என்று எண்ணினேன்.

வீட்டின் அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. இவ்வகை வீட்டின் சுவரைத் தரையிற் கிடத்தியே செய்கின்றனர். மரச்சட்டங்களை ஆணியால் இணைத்து முடித்த பின்னரே தூக்கி நிறுத்துகின்றனர். இளைஞர் இரு குழுவாகப் பிரிந்தனர். எந்தக் குழு முந்துவது என்று போட்டி எழுந்தது. சுத்தியல் ஒலி செவியைப் பிளந்தது. ஒரு குழு தன் சுவரை முடித்து ஆர்ப்பரித்தது.

அப்போது தச்சர் ஒருவர் அங்கு வந்தார். அறுபது வயதினர்; குறுகிய உருவினர்; காதில் எழுதுகோல் செருகியிருந்தார். அளவு நாடாவை ஒரு மூலையினின்று எதிர்மூலைக்குப் பிடித்தார். பின்னர் மற்றை இரு மூலைகளுக்கும் பிடித்தார். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்த ஒரு சட்டத்தில், இவ்விரு குறுக்களவுகளும் ஒத்திருந்தால்தான் மூலைகள் நேராக உள்ளன என்பது பொருள். அங்கோ அவை இரண்டு விரற்கடை வேறுபட்டன. தச்சர் ஒன்றும் பேசாமல் ஆணி பிடுங்கும் கருவியை எடுத்துக் குழுத்தலைவன் கையில் கொடுத்தார்.

அவ்விளைஞன் முகம் வாடியது. "இரண்டு விரற்கடைதானே?" என்றான். தச்சர் கூறிய விடையை என் மருமகன் எனக்குத் தமிழில் சொன்னார். "தம்பி, இங்கே இரண்டு விரற்கடை. இதன்மேல் கூரை வந்து பொருந்தும்போது அது இன்னும் மிகும். அந்த இடைவெளி வழியே தை மாதக் குளிர்காற்று புகும். இவ்வீட்டின் கடைசிக் குழந்தை படுக்கப்போவது அந்த மூலையில்தான்."

இளைஞன் திரும்பிப் பார்த்தான். அக்குழந்தை சற்றுத் தொலைவில் மரத்துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அவன் வேறொன்றும் கூறவில்லை. முழங்காலிட்டு முதல் ஆணியைப் பிடுங்கினான். ஏனையோரும் அமர்ந்தனர். போட்டியும் அத்துடன் நின்றது.

என் வயதிற்கும் வலிமைக்கும் ஏற்ற பணி ஒன்று எனக்கும் கிடைத்தது. பிடுங்கிய ஆணிகளுள் சிறிது வளைந்தவற்றைக் கல்லின்மேல் வைத்து நிமிர்த்தும் பணி அது. வளைந்ததை நிமிர்த்துவது ஆசிரியன் தொழில்தானே என்று எண்ணி நகைத்தேன். உடனே அந்நகைப்பு மறைந்தது. யான் வளைத்த ஒன்று நினைவிற்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கபடி ஆட்டத்தில் தேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் மனப்பாடச் செய்யுளை அவன் ஒப்பிக்கவில்லை. "உன் தோளில் உள்ளதிற் பாதி உன் தலையில் இருந்திருக்கலாகாதா?" என்று யான் கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று முதல் அவன் கடைசிப் பலகையில் சென்று அமர்ந்தான். அவ்வாண்டின் இறுதியில் பள்ளியை விட்டே நீங்கினான். வறுமையே காரணம் என்று பிறர் கூறினர். யானும் அவ்வாறே நம்ப விரும்பினேன்.

நண்பகலில் அனைவரும் ஒரு வாதுமை மரநிழலில் உணவருந்தினோம். மாணவருடன் வந்திருந்த ஆசிரியர் இத்தொண்டின் வரலாற்றைக் கூறினார். முதல் உலகப்போரில், 1916ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் வெர்தூன் பகுதியில் கொடும்போர் நிகழ்ந்தது. சிற்றூர்கள் பல அழிந்தன. 1920ஆம் ஆண்டில் பியேர் செரசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியல் அறிஞர், அங்குள்ள ஏன் என்னும் ஊரை மீண்டும் கட்ட ஒரு சிறு குழுவுடன் சென்றார். அக்குழுவில் செர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராய் இருந்தோர் மண்வெட்டியுடன் வந்ததை அப்பகுதியினரால் பொறுக்க இயலவில்லை. 1921ஆம் ஆண்டில் குழுவினர் பணியை முடிக்காமலே வெளியேற நேர்ந்தது.

செரசோல் தளரவில்லை. 1927ஆம் ஆண்டில் ரைன் ஆறு கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்னும் சிறுநாட்டின் வயல்களை மணலாலும் கல்லாலும் மூடியது. மறு ஆண்டு அவற்றை அகற்றப் பல நாடுகளிலிருந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அவருள் மாணவரும் பலர். 1934ஆம் ஆண்டில் நம் நாட்டின் பீகார் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, செரசோல் அங்கும் வந்து, வீடிழந்தோர்க்கு ஊர் அமைக்கத் துணைநின்றார். இவ்வரலாற்றை ஓர் அயல்நாட்டார் வாயிலாக அறிய நேர்ந்ததற்கு யான் நாணினேன்.

எட்டு நாள் கழித்து மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். நான்கு சுவரும் நின்றன, கூரை ஏறியிருந்தது. கல்லை உருக்கி இழையாக்கிய கம்பளித் தட்டுகளைச் சுவரின் இடைவெளிகளில் மாணவர் பொருத்திக்கொண்டிருந்தனர். குளிரைத் தடுப்பன அவை. பேச்சு மிகுதியாக இல்லை. ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் அறுத்தார். குழுத்தலைவன் ஒவ்வொரு சட்டத்தையும் இருமுறை அளந்தான். அவன் உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"இன்னும் மூன்று நாளில் நாங்கள் புறப்படுகிறோம். இக்குடும்பம் குடிபுகுவதைக் காணும் பேறு எங்களுக்கு இல்லை" என்றான் அவன். அவன் குரலில் சிறிது வருத்தம் இருந்தது. ஆட்டக்களத்தில் ஆட்டம் முடிந்ததும் வெற்றி தெரியும். கோப்பை கைக்கு வரும். இங்கே வெற்றி தெரிவது குளிர்காலத்தில். அதனை அறிவது அவ்வீட்டின் மூலையில் உறங்கும் குழந்தை மட்டுமே. விடைபெறும்போது அவ்வீட்டுத் தாய், "முல்ட்சுமெஸ்க்" என்று கூறி அவன் கைகளைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். நன்றி என்பது அச்சொல்லின் பொருள்.

நம் மொழியில் வேளாண்மை என்று ஒரு சொல் உண்டு. உழவுத்தொழிலைக் குறிக்கும் அச்சொல், பிறர்க்கு உதவுதலையும் குறிக்கும். இப்பொருளை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அது தோளில் சுமக்கப்படுவதை அன்றுதான் கண்டேன்.

ஊர் திரும்பியதும் பழைய மாணவர் சிலரை வினவி, அக்கபடி வீரனின் முகவரியைப் பெற்றேன். அன்று வகுப்பில் யான் கூறியது பிழை என்றும், பொறுத்தருள வேண்டும் என்றும் மடல் எழுதினேன். ஒரு மாதம் கழித்து விடை வந்தது. "ஐயா, வரும் பொங்கலன்று எங்கள் ஊரில் சிறுவர்க்குக் கபடிப் போட்டி. பயிற்சி அளிப்பவன் நான்தான். தாங்கள் அவசியம் வரவேண்டும்." யான் கூறிய பிழையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

யான் சென்றேன். களத்தின் ஓரத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது.