தண்ணீர்க் குடமும் உலக சபையும்

கோவில்பட்டியில் பெண் எடுத்தவன் நான். கலியாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனால் கடலை மிட்டாய் தட்டு நிறைய வரும். தண்ணீர் மட்டும் அளந்துதான் வரும். கரிசல் பூமி அல்லவா? ஊருக்குக் குடிநீர், தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து குழாயில் வந்தாக வேண்டும்.

2015-இல் ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் சேர்ந்து, 2030-க்குள் எட்ட வேண்டிய 17 இலக்குகளை வகுத்தன. ஐந்தாவது, பெண்களுக்குச் சமத்துவம். ஆறாவது, எல்லாருக்கும் குடிநீரும் சுகாதாரமும். பேஷான காரியந்தான். ஆனால் நியூயார்க்கில் போட்ட தீர்மானம் நம் வீட்டுக் குடத்தை எப்படி நிரப்பும்?

அதே கரிசல் சீமையில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. வரி விவகாரத்தில் கும்பினியாரோடு மோதிய கட்டபொம்மன், 1799-இல் கயத்தாற்றில் தூக்குமேடை ஏறினார். 1974-இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, நாம் பஸ் ஏறிவிடுகிறோம்.

கட்டபொம்மனுக்குக் கிட்டாத ஒரு சௌகரியம் இன்று அந்தச் சீமை ஜனங்களுக்கு உண்டு. அதுதான் கிராம சபை. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். "வரிப் பணம் எங்கே போயிற்று? எங்கள் தெருவுக்குக் குழாய் எப்போது?" என்று எழுந்து கேட்கலாம். உலகத்தின் 17 இலக்குகளையும் மத்திய சர்க்கார் ஊராட்சிகளுக்காக 9 தலைப்புகளாகச் சுருக்கியிருக்கிறது. தண்ணீரும் அவற்றில் ஒன்று. தூத்துக்குடி உள்படப் பல மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தலைவர்கள் வருவார்கள், போவார்கள், சபை கலைவதில்லை.

"பட்டணத்தில் இருக்கும் எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறீர்களா? நகரங்களிலும் பகுதி சபை அமைக்க 2022-இல் விதிகள் வந்துவிட்டன. உங்கள் தெரு விளக்கையும் சாக்கடையையும் பற்றி அங்கே பேசலாம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இலேயே தமிழ்நாட்டில் சட்டமாகிவிட்டது. ஆனால் நாற்காலி கொடுத்தால் போதுமா? எதிரே உட்கார்ந்து கேட்கவும் ஆள் வேண்டுமே! குடம் சுமக்கிறவள் வாயைத் திறக்காவிட்டால், குடத்தைத் தொட்டே அறியாதவர்கள் தீர்மானம் எழுதிவிடுவார்கள்.

ஆகையால், சகோதரிகளே, உங்கள் பகுதியில் அடுத்த சபை என்றைக்கு என்று விசாரித்து வையுங்கள். அன்று சமையலை வீட்டுக்காரர் கவனிக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் வைத்த ரசம் எப்படி இருந்தது என்று மட்டும் என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்!